ஒரேயொரு ‘ண’

1.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே: நான் அச்சகத்தில் வேலை செய்தவள் இல்லை. நிவாரண வரிசையில் எனக்கு முன்னால் நின்ற விமலேஸ்வரி, அச்சுக் கோக்கிறவள், “எங்களிட்டக் குண்டெழுத்தில ஒரேயொரு ‘ண’ தான் கிடக்குது, அம்மா” என்றாள். அந்த ஒரு வரிதான் அவளுடையது. மிச்சமெல்லாம் என் புனைவு.

2.
தொண்ணூற்றேழு ஆடி மாதத்து வெயிலில், தர்மபுரத்து ஒழுங்கையில் ஒரு...

(வேண்டாம். வெயில் எல்லாக் கதையிலும் அடிக்கிறது. எழுத்தில் தொடங்குகிறேன்.)

குண்டெழுத்து பழங்காலத்து ஈய வார்ப்பு. வயிறு பருத்து, கழுத்து மெலிந்து, கோடு முடியும் இடமெல்லாம் சின்னப் பாதம் ஊன்றி நிற்கும். சைக்கிளில் போகிறவரின் கண்ணையும் பிடித்து நிறுத்தும். அச்சகம் கிளிநொச்சியில் இருந்தவரை கலியாணத்துக்கும் கடைதிறப்புக்கும் உழைத்தது. இடம்பெயர்ந்தபோது பாதி எழுத்து வழியில் கொட்டுண்டு போயிற்று. மிஞ்சியதில் ஓயாமல் அடிபட்டது ஒரே தலைப்புத்தான்: மரண அறிவித்தல். பிறகு சனம் வாசிப்பதையே விட்டுவிட்டது. அந்தப் பருமனைக் கண்டாலே சைக்கிளால் இறங்கி, “ஆர் செத்தது?” என்று கேட்டது.

3.
முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்திருந்த சுசிலா அச்சகத்துக்குள் நுழைந்தபோது, மாமனார் அருளப்பு அங்கே கதிரையில் இருந்தார். தலைப்புக் கோத்தாயிற்று. கீழே பெயர்: வின்சன். அவளுடைய புருசன். கடலுக்குப் போய் ஒரு வருசம்.

(அருளப்புவைக் கெட்டவராக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் அழுதிருந்தார்.)

“பூசை வைக்கவேணும், பிள்ளை. அவன்ர ஆத்துமா அலையக்கூடாது.”

“உடம்பு கரையொதுங்கினதோ, மாமா? நீங்கள் கண்டனீங்களோ?”

அவள் விமலேஸ்வரியிடம் திரும்பினாள்.

“தங்கச்சி, ‘காணவில்லை’ எண்டு அடிச்சுத் தாரும். இதே எழுத்தில.”

“சின்ன எழுத்தில அடிப்பம், அக்கா. இதைக் கண்டாச் சனம் ஒப்பாரியோட வரும்.”

“வரட்டும். கிட்ட நிண்டு வாசிக்கட்டும். சின்ன எழுத்தை ஆர் பாக்கினம்?”

“‘ண’ ஒண்டுதான் இருக்கு. அது ஐயான்ர ‘மரண’த்துக்க. ஐயான்ர முடியட்டும், பிறகு உங்கட.”

“அது ஒட்டினாப் பிறகு இவரை ஆர் தேடப்போகினம்?”

4.
ஒரு முடிவில் வின்சன் வாசலில் வந்து நின்று, “சுசி...” (கிழித்துவிட்டேன். உங்களை ஏமாற்ற மனம் வரவில்லை.) இன்னொன்றில் அருளப்பு தானாகவே மனம் மாறினார். (அவ்வளவு சுகமாக யார் மாறுகிறார்கள்?) நிற்பது இதுதான்:

சுசிலா, கோத்த எழுத்தைச் சுற்றியிருந்த நூற்கட்டை அவிழ்த்து, ‘ண’வை நகத்தால் கிளப்பி எடுத்தாள்.

“மர அறிவித்தல்,” என்று வாசித்தாள் விமலேஸ்வரி. “இனி மரம் விக்கிற மரக்காலைக்காரருக்குத்தான் குடுக்கலாம்.”

அருளப்புவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

“தா, பிள்ளை.”

“பூசையை வையுங்கோ, மாமா. அவர் திரும்பி வரவேணுமெண்டு வையுங்கோ. நானும் வந்து முழந்தாளில நிப்பன். எழுத்தைத் தரமாட்டன்.”

அவள் கையை இறுக்கி மூடிக்கொண்டாள். மாமனார் எழுந்துவிட்டார். விமலேஸ்வரி இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளங்கையை நீட்டியபடி நிற்கிறாள்.

நான் பேனையை வைக்கிறேன். அந்த விரல்களைப் பிரிக்க என்னால் ஆகாது. பிரித்தே ஆகவேண்டும் என்றால், பிள்ளைகளே, நீங்கள் பிரியுங்கள்.