பிளம்பர் வந்தாரா, ஓவர்

அந்த ஐந்து மாடி மரச்சாமான் கடையில் கைபேசி எடுக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது கீழ்த்தளக் கிடங்குதான். மேலே ஒருவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதே நிறத்துல இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டால், பதில் தெரிந்துகொள்ள யாராவது நாலு மாடி இறங்கிப் போக வேண்டும். போனவர் மூச்சு வாங்கத் திரும்பி வருவதற்குள் வாடிக்கையாளருக்கு அந்தச் சோபாவே அலுத்துப் போயிருக்கும். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்த மேலாளர், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு வாக்கி டாக்கிகள் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து டெலிவரி அக்காவின் மேசைமேல் வைத்தார்.

"நீங்கதான்க்கா எதையும் முழுசாப் படிப்பீங்க. பார்த்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துடுங்க."

எந்தக் கட்டில் எந்த வண்டியில் எந்த வீட்டுக்குப் போகிறது என்பதெல்லாம் அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளைக்கூடக் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவாள். அன்று சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு விளக்கப் புத்தகத்தைப் பிரித்தாள்.

முதலில் ஆன்டெனாவைத் திருகி மாட்ட வேண்டும். அது இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தினால் கருவி கெட்டுவிடும். பேட்டரியை 'டக்' என்று சத்தம் வரும்வரை தள்ள வேண்டும். சார்ஜரில் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை கை வைக்கக் கூடாது. எல்லாம் சொன்னபடி செய்துவிட்டு, முதல் கருவியை ஒன்றாம் சேனலில் போட்டாள். போட்டதுதான் தாமதம், "மணல் வந்துருச்சா? ஏன்யா வாயில கொழுக்கட்டையா?" என்று ஒரு குரல் அதட்டியது. பக்கத்துத் தெருவில் கட்டடம் கட்டுகிறவர்கள். 'இங்க மணல் விக்கிறதில்லைங்க' என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு ஆறு கருவிகளையும் ஏழாம் சேனலுக்கு மாற்றினாள்.

மாலையில் ஐந்து பேரை மேசையைச் சுற்றி நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள். மேலாளர், வாசல் காவலர், வண்டி ஓட்டுநர், மூன்றாம் மாடியில் கட்டில் விற்பதால் கட்டிலக்கா என்று பெயர் வாங்கியவள், கடைசியாகக் கிடங்குக்காரர்.

"பட்டனை அமுக்குங்க. மனசுக்குள்ள ஒண்ணு எண்ணுங்க. அப்புறம் பேசுங்க. முடிச்சதும் 'ஓவர்' சொல்லிட்டு விரலை எடுத்துடணும். எடுக்கலைன்னா வேற யாரும் பேச முடியாது."

"ஒண்ணு எதுக்கு எண்ணணும்?" என்றாள் கட்டிலக்கா.

"அமுக்கின கையோட பேசினா மொத எழுத்தை அது முழுங்கிடும். நீ 'வேண்டாம்'னு சொன்னா எனக்கு 'டாம்'னுதான் கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள், கிடங்குக்காரரைத் தவிர. அவர் அக்காவின் வீட்டுக்காரர். பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே கடை. அவள் தரைத்தளம், அவர் அதற்கும் கீழே. வீட்டில் அவள் பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினால் அவர் ஒரு 'ம்' சொல்வார். நல்ல செய்திக்கும் அதே ம், கெட்ட செய்திக்கும் அதே ம். சுவரிடம் பேசினால்கூட எதிரொலி வருமே என்று அவள் தங்கையிடம் அலுத்துக்கொள்வது உண்டு.

மறுநாள் காலை முதல் அழைப்பு.

"என்னங்க, வெள்ளை அலமாரி ரெண்டு இருக்கா? ஓவர்."

"சொல்லுங்கக்கா" என்றார் காவலர். "என்னக்கா, என்னையா?" என்றார் வண்டி ஓட்டுநர். "என்ன விஷயம்?" என்று மேலாளரும் வந்து சேர்ந்தார். கட்டிலக்கா பட்டனை அழுத்தியபடியே சிரித்ததில் அரை நிமிஷம் அந்தச் சிரிப்பு மட்டும்தான் ஐந்து மாடியிலும் ஓடியது.

மேலாளர் உத்தரவு போட்டார்: இனி இடப் பெயர்தான். அவள் மேசை, அவர் கிடங்கு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகக் கணவரைப் பெயர் சொல்லி அழைத்தறியாதவளுக்கு, கடைசியில் அழைக்கக் கிடைத்த பெயர் அதுவா என்றிருந்தது. காது மடல் சுட, "கிடங்கு, கிடங்கு, மேசை பேசுறேன்" என்றாள்.

'கர்' என்று ஒரு சத்தம் வந்து நின்றது.

"கேக்கலை. ஓவர்."

மறுபடியும் 'கர்'. அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அவர் வழக்கம்போல 'ம்' சொல்கிறார். முதல் எழுத்தை விழுங்குகிற கருவி, இருக்கிற அந்த ஒரே எழுத்தையும் விழுங்கிவிடுகிறது.

"ம் எல்லாம் இதுல எடுக்காதுங்க. முழுசா வாய் திறந்து சொல்லுங்க. ஓவர்."

பிறகு, "ரெண்டும் இருக்கு. ஒண்ணுல கைப்பிடி ஆடுது, முடுக்கி அனுப்புறேன். பத்து நிமிஷம் ஆகும். ஓவர்" என்று வந்தது. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாக அவர் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அதன்பின் அவளுக்குத் தேவையில்லாத சந்தேகங்களெல்லாம் வர ஆரம்பித்தன. கிடங்கில் புழுக்கமாக இருக்கிறதா, மத்தியானம் டப்பாவில் உப்பு சரியாக இருந்ததா, ஓவர். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். உப்புத்தான் கூடுதலாம்.

மூன்று வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஆறு பேர் சாப்பிடும் பெரிய மேசையைச் சரக்கு லிஃப்டில் ஏற்றிக்கொண்டு அவரும் கூடவே மேலே வந்தார். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார். வந்து சேர நாற்பது நிமிஷமாகும் என்றார். கனத்த இரும்புக் கதவு. வெளியிலிருந்து கத்தினால் கத்தியவருக்குத்தான் காது அடைத்தது.

அக்கா கருவியோடு படியேறி ஓடினாள். "என்னங்க, கேக்குதா? ஓவர்." ஒன்றுமில்லை. புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது: பக்கவாட்டுச் சின்னப் பட்டனை அழுத்திப் பிடித்தால் இரைச்சலும் வரும், அதோடு சேர்ந்து மெலிந்த குரலும் வரும். பிடித்தாள். மழைபோல இரைச்சல். அதற்குள் எங்கோ, "...க்குது..."

"ஆன்டெனாவைக் கையால மூடாதீங்க. நேரா நிமித்தி, கதவு இடுக்குக்கிட்ட வச்சுப் பேசுங்க. வாயிலேர்ந்து நாலு விரல் தள்ளி. ஓவர்."

"கேக்குது." மூச்சு பலமாக வாங்கியது. "வெளக்கு அணைஞ்சு போச்சு. ஓவர்."

மேலாளர் தன் கருவியில் அறிவித்தார்: "ஏழாம் சேனலை யாரும் தொடாதீங்க. எல்லாரும் எட்டுக்குப் போங்க."

"மெக்கானிக் வந்துக்கிட்டே இருக்கார். கீழ விழ வாய்ப்பே இல்லையாம், பயப்படாதீங்க. ஓவர்."

பிறகு, "விழுறதுக்குப் பயமில்ல. எனக்கு மூடின எடம் ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே. ஓவர்."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சாரல் உள்ளே அடித்தாலும் படுக்கையறை ஜன்னலைச் சாத்த விடமாட்டார். குளியலறைக்குத் தாழ்ப்பாளே போடமாட்டார். ஒவ்வொரு மழைக்கும் நனைந்த தரையைத் துடைத்துக்கொண்டே அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். இந்த மனிதர் பதினோரு வருஷமாகத் தினமும் இந்த இரும்புப் பெட்டிக்குள் ஏறி இறங்கியிருக்கிறார்.

"ஏங்க சொல்லவே இல்ல?"

"நீ கேக்கலையே." கொஞ்சம் பொறுத்து, "ஓவர்."

அவர் குரலுக்குப் பின்னால் 'டிங், டிங்' என்று ஒரு சத்தம்.

"பேட்டரி இறங்குது. பேசப் பேசத்தான் சீக்கிரம் போகும், கேட்டுக்கிட்டிருந்தா அவ்வளவு போகாது. நீங்க பேச வேண்டாம், பட்டனை ரெண்டு தட்டு தட்டினாப் போதும். நான் பேசுறேன். ஓவர்."

"சரி. ஆனா ஒண்ணு. காலைல உன் தங்கச்சி வீட்டுக் குழாய்க் கதையைச் சொல்லிக்கிட்டிருந்த. நேரமாச்சுன்னு பாதியில விட்டுட்ட. அந்த பிளம்பர் வந்தாரா? ஓவர்."

காலையில் அவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு குனிந்தே இருந்தார். ஒரு ம் கூட முழுதாக வரவில்லை.

"கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"எப்பவும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். ஓவர்."

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பிளம்பர் வந்தார். தங்கையின் வீட்டுக்காரர் அவரை வாசலிலேயே நிறுத்திவைத்து, போன மாசம் நீ பார்த்த வேலையின் லட்சணம் இதுதான், மூன்று நாளாக வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று குதித்தார். பிளம்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயைக் கழற்றினார், மாட்டினார், பிறகு மாடிக்குப் போனார்.

அவள் விரலை எடுத்தாள். 'கர், கர்.' இருக்கிறார்.

"மாடியில தொட்டிக்குப் பக்கத்துல வால்வு மூடியிருக்கு. யாரு மூடினதுன்னு கேட்டா எல்லாரும் முழிக்கிறாங்க. பிளம்பர் சொல்றார், 'வால்வு மேல ஒரு மூக்குக்கண்ணாடி இருந்துச்சு சார், இது யாருதுன்னு பாருங்க'ன்னு. மூணு நாளா வீடு முழுக்கத் தேடின கண்ணாடி, நம்ம மாப்பிள்ளையோடது!"

விரலை எடுத்ததும் ஏழாம் சேனலில் கட்டிலக்காவின் சிரிப்பு வெடித்தது. பின்னாலேயே வண்டி ஓட்டுநரின் இருமல். ஒருவரும் எட்டுக்குப் போகவில்லை.

"அப்புறம் என்னாச்சு, மேசை? ஓவர்" என்றார் மேலாளர், தன் உத்தரவையே மறந்து.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும், அதற்கப்புறம் தங்கை என்ன சொன்னாள் என்பதையும் அவள் விலாவாரியாகச் சொன்னாள். குழாய்க் கதை தீர்ந்ததும் தங்கையுடைய மாமியாரின் பல் கதையை எடுத்தாள். நடுநடுவே 'கர், கர்' வந்துகொண்டே இருந்தது. மெக்கானிக் வந்து கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மெல்ல இறக்கியபோது கதை பாதிப் பல்லில் நின்றது.

கதவு திறந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருக்க, அவர் வெளியே வந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் திரும்பி உள்ளே கை காட்டி, "டேபிள்ல ஒரு கீறல் விழல" என்றார். அக்கா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவர் முழுதும் குடித்து முடிக்கும்வரை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடையில் அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கையை எடுக்கவில்லை.

பிறகு நேரே மேலாளரிடம் போனாள்.

"இனிமே லிஃப்ட்ல சாமான் மட்டும் போகட்டும் சார். அவர் படியில வருவார்."

"சரிக்கா" என்றார் அவர். காரணம் கேட்கவில்லை.

அன்று மாலை இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, அவர் செருப்பால் தரையைத் தேய்த்தபடி, "எனக்கு எட்டு வயசு இருக்கும். ஒளிஞ்சு விளையாடும்போது ஒரு பழைய பெட்டிக்குள்ள போய் உக்காந்தேன்" என்று தானாகவே ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. போகட்டும் என்று விட்டுவிட்டு, அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.