இழுபட்ட மை

பூட்டுக் கடைக்காரருக்காக நான் தயாரித்து, கணினி வழியாக அனுப்பிய வரிக் கணக்கு திரும்பி வந்துவிட்டது. இனிக் காகிதத்தில்தான் அனுப்ப வேண்டும். கூட்டுக் கணக்கு என்பதால் கணவன், மனைவி இருவரும் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். இன்று தபாலில் சேராவிட்டால் அபராதம். போன வருடம் ஒரு கையெழுத்துக்கு என்னை நாயாய் அலையவிட்டவர், இந்த முறை எள் என்றால் எண்ணெயாக, இரண்டு கையெழுத்தோடும் வந்து நின்றார். எனக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது.

அவர் இடது கைக்காரர். எழுதும்போதே உள்ளங்கை பட்டு மை இழுபடும். இப்போது மனைவியின் கையெழுத்தும் அதேபோல் இழுபட்டிருந்தது. போன வருடப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதில் அவள் கையெழுத்து சுத்தமாக இருந்தது.

“இது யார் சார் போட்டது?”

“அவதான் மேடம். வேற யாரு போடுவா?”

“அப்போ கூட்டிட்டு வாங்க. என் முன்னாடி போடட்டும்.”

“அவளுக்கு உடம்பு முடியல. நீங்க அனுப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாராம், அதுவும் என்னிடம்! கள்ளக் கையெழுத்து என்றால் நானும்தான் பதில் சொல்ல வேண்டும். முடியவே முடியாது என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே போனவர் மதியம் அவளை அழைத்து வந்தார். சால்வைக்குள் வலது கை முழுக்க மாவுக்கட்டு. நான் நீட்டிய புதுத் தாளில் இடது கையால் போட்டாள். மை இழுபட்டது. அச்சு அசல் அதே கையெழுத்து. ஒரு மனிதனை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

“கை என்னாச்சும்மா?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா,” என்றார் அவர்.

நான் கேட்டது அவளை. அவள் தலையாட்டினாள், என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. என் வெட்கம் போய்ப் பயம் வந்தது.

“சார், இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி. இதைப் போடும்போது கணவர் பக்கத்துல இருக்கக் கூடாது. ரூல் அப்படி.”

அபராதத்துக்குப் பயந்த மனிதர், எழுந்து வெளியே போனார். கதவை உள்பக்கமாகப் பூட்டினேன்.

“எங்க போடணும்க்கா?” என்றாள்.

“எங்கேயும் வேண்டாம்மா. அப்படி ஒரு ரூலே கிடையாது.”

அவள் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூட்டிட்டேன், பயப்படாதே,” என்றேன்.

“அவருக்குப் பூட்டெல்லாம் ஒரு நிமிஷம்க்கா. பாத்ரூமையும் நான் உள்ள பூட்டிட்டுத்தான் இருந்தேன்.”