உள்ளே விட்டுத் தைத்த தோட்டம்

அளவெடுத்த அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நான்கு பேர் இருந்தார்கள். சர்வேயர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சிமெண்டு மேடையில், மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். புகார் எழுதிப் போட்ட பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், தன் வீட்டிலிருந்தே தூக்கிவந்த மடக்கு நாற்காலியில். வீட்டுக்காரியான தையல்காரம்மா பின்வாசல் படியில். அவர் கணவர், முன்னாள் பஸ் டிரைவர், கைத்தடியைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு முக்காலியில். தோட்டம் வெளிச்சுவரோரமாக அளந்தால் பத்து மீட்டர் நீளம் இருந்தது. உள்ளே அளந்தால் நாற்பத்தொன்று. சர்வேயர் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

காரணம் அந்த வீட்டுக்காரர்கள் இருவருக்கும் தெரிந்ததுதான். வீடு கட்டிய வருஷம் மற்றவர்கள் கண்போன போக்கில் புல் பதித்தபோது, தையல்காரம்மா தரையில் துணிக்குப் போடும் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு தடவை அளந்து, ஒரு தடவை வெட்டி, புல்லையும் பாத்திகளையும் சணல் நூலால் மண்ணோடு சேர்த்துத் தைத்தார். மிச்சத்தைப் பின்சுவரோர வேலிச்செடியின் அடியில் மடித்து மடித்து உள்ளே விட்டார். இவ்வளவு எதற்கு என்று கேட்ட கணவரிடம், "வளர்ற பிள்ளைக்குச் சீருடை தைக்கிறப்ப விடுறதில்லையாங்க? எதுக்கும் இருக்கட்டும்" என்றார். பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்த மடிப்பை யாரும் நினைக்கவில்லை. அவர் காலையில் களை பிடுங்கினார், வாரம் ஒருமுறை துணிக் கத்திரியால் வேலியைச் சீராக்கினார், உதிர்ந்த இலையை மக்க வைத்துப் பாத்திக்கே திருப்பிக் கொடுத்தார்.

டிரைவருக்கு வாதம் வந்து இடதுகால் இழுத்துக்கொண்டது. இருபத்தெட்டு வருஷம் எத்தனையோ முட்டுச்சந்தில் பஸ்ஸை ஒடித்துத் திருப்பிய மனிதருக்குத் தன் உடம்பைத் திருப்பத் தெரியாமல் போயிற்று, திரும்பினால் விழுந்தார். ஒரே மூச்சில், உட்காராமல், திரும்பாமல், நேராக நூறு காலடி நடந்துவிட்டால் அந்த நிதானம் தானாக வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தெருவில் வண்டிகள் மேலே ஏறாத குறை. தோட்டமோ இருபத்திரண்டாவது காலடியில் சுவரில் முட்டியது. அன்று சாயங்காலமே தையல்காரம்மா பிளேடை எடுத்துக்கொண்டு வேலிக்கடியில் குனிந்து முதல் மடிப்பைப் பிரித்தார். ஒன்றரை மீட்டர் மண் வெளியே வந்தது. சாயம்போன சட்டையைப் பிரித்தால் உள்துணி மட்டும் புதுநிறத்தில் இருக்குமே, அதுபோல அந்த மண் கறுகறுவென்றும் புல் பச்சைப்பசேலென்றும் இருந்தன.

மூன்று வருஷத்தில் கணவர் கால் எவ்வளவு தேறியதோ அவ்வளவே பிரித்தார். ஒரு விரற்கடை கூடுதலாகப் பிரிக்கவில்லை. தோட்டம் நான்கு மடங்கானபோது களையும் தண்ணீரும் நான்கு மடங்காயின. முழங்காலில் பழைய துணித் தலையணையைக் கட்டிக்கொண்டு பாதை முழுக்க ஊர்ந்து கல் பொறுக்கினார். கணவர் கால்பட்ட இடத்தில் ஒரு பட்டாணி அளவு கல்லைக்கூட யாரும் பார்த்ததில்லை. வாத்தியார்தான் ஒருநாள் மொட்டைமாடியிலிருந்து, டிரைவர் நடக்க நடக்கச் சிறுத்துக்கொண்டே போய்க் கட்டைவிரல் அளவாகி, சுவருக்குள்ளேயே இருப்பதைக் கண்டார். தன் நிலத்தைத்தான் இழுக்கிறார்கள் என்று பயந்து மனு எழுதினார்.

சர்வேயர் அவர் நிலத்தையும் அளந்தார். ஒரு சென்டிமீட்டர் குறையவில்லை.

"அப்ப தப்பு எங்க சார் இருக்கு?" என்று வாத்தியார் கேட்டார்.

"இருந்தாத்தானே சார் காட்டுறதுக்கு."

ஆனாலும் பதிவேட்டில் இருப்பது பத்துதான், மிச்சத்தை மடித்துவிட வேண்டும் என்று சர்வேயர் சொன்னார். தையல்காரம்மா அழவும் இல்லை, வாதாடவும் இல்லை.

"மடிச்சுடறேன் சார். தொண்ணூத்தோரு காலடி வந்துட்டாரு. இன்னும் ஒரே ஒரு மடிப்பு இருக்கு, அதை மட்டும் பிரிச்சுப் பாத்துடறேன். அதுக்கு மேல உள்ள ஒண்ணும் இல்ல."

அது போதுமா என்று அவருக்கே தெரியாது. கடைசி மடிப்பு இறுகிக் கிடந்தது. அவர் ஒருவர் கையால் வரவில்லை. வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியில் மண் படப் படுத்து, வேலியைத் தூக்கிப் பிடித்தார். மண் வந்தது. டிரைவர் எழுந்து நடந்தார். வாத்தியார் பழக்க தோஷத்தில் உரக்க எண்ணிக்கொண்டே பின்னால் போனார். தொண்ணூற்றொன்றைத் தாண்டிப் புது மண்ணில் கால் வைத்தார். நூறாவது காலடியில் டிரைவரின் செருப்பு நுனி சுவரைத் தொட்டது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு, பஸ் நிலையத்தில் வண்டி எடுப்பவர்போல வலப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பினார். கட்டைவிரல் அளவிலிருந்து ஆளாகிக்கொண்டே வந்தார்.

"அடுத்த டிரிப் எப்பம்மா?" என்று மனைவியிடம் கேட்டார்.

சர்வேயர் மேடையில் உட்கார்ந்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். வெளி அளவு பத்து, உள் அளவு நாற்பத்தைந்து, இரண்டும் சரி. நிலம் நல்ல பராமரிப்பில் உள்ளது, மடிக்கத் தேவையில்லை. வாத்தியார் அதன் கீழேயே மனுவைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்திட்டார். உறையில் பசை தடவி ஒட்டினார்கள். தபால் பெட்டி தெருமூலையில் திரும்பியதும் இருந்தது. டிரைவர் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தனியாகப் போய், மூலையில் திரும்பி, பெட்டியில் போட்டார்.