மூன்றாம் மாடிக் குறிப்பு

செயலி வெளியாகி இரண்டாவது நாள். நிற்கிற இடத்தில் ஒரு குறிப்பு எழுதி விட்டுப் போகலாம். அங்கிருந்து இருபது மீட்டருக்குள் வருகிறவரால்தான் அதைப் படிக்கவும் பதில் எழுதவும் முடியும். குறிப்பை எழுதியவருக்கு மட்டும் பதில்கள் எங்கிருந்தாலும் வந்துவிடும். எந்த மாடியில் நின்று எழுதினார் என்பதும் ஓரத்தில் தெரியும். மாடி எண் வேண்டுமென்று போன மாதம் ஒற்றைக்காலில் நின்று சேர்க்க வைத்தவள், செயலியை உருவாக்கிய கம்பெனியில் வேலை பார்க்கும் அவள்தான். கெட்டிக்காரத்தனத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

மத்தியானம் மூன்றரைக்கு ஆபீஸில் அவள் போன் அதிர்ந்தது. அவளுடைய குறிப்புக்கு யாரோ பதில் எழுதியிருந்தார்கள். நாலு மாதத்துக்கு முன், மாடி எண் எல்லாம் வருவதற்கு முன்னால், வீட்டுச் சமையலறையில் நின்று சோதனைக்காக எழுதிய குறிப்பு: "பால் பொங்குது, ஓடி வா." சோதனைக் குறிப்புகளையெல்லாம் அழித்தாயிற்று என்று கூட்டத்தில் மார்தட்டியவளும் இவளேதான். இது ஒன்று தப்பிவிட்டது. அதன் கீழே பூனைக்கண்ணி என்ற பழைய பட்டப்பெயர் வேறு. பெயரைத் தேடினால் வரைபடத்தில் புள்ளி வந்துவிடும். அந்தப் பெயரைத் தேடக்கூடியவன் ஒருவன்தான், அவள் புருஷன். அவன் அடிக்குப் பயந்துதான் மகளோடு இரண்டு வீடு மாறியிருக்கிறாள்.

பதில் இப்படி இருந்தது: "பூனைக்கண்ணி, இங்கதான் இருக்கியா?" மாடி: 0.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாக இருக்கிற நேரம். போன் போட்டாள்.

"குட்டி, தாழ்ப்பாள் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்மா. ஏன் கத்துறே?"

"யார் தட்டினாலும் திறக்காதே. மூச்சு விடாதே. போனை மட்டும் வைக்காதே."

பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரன் தன் போனில் போலீஸைக் கூப்பிட்டான். வர இருபது நிமிஷம் ஆகுமாம்.

திரையில் அடுத்த பதில் வந்தது: "எந்த வீடுன்னு தெரியலையே." மாடி: 1. வாசிப்பதற்குள் அடுத்தது. "கதவு நிறைய இருக்கு." மாடி: 2.

அந்த இடத்தில் நிற்காமல் யாரும் எழுத முடியாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளுக்கு அதை மீறவும் தெரியும். கணினி வழியாகச் செயலிக்கு உள்ளே நுழைந்து, வீட்டு இடத்தைக் கொடுத்து, தன் அண்ணன் பெயரில் எழுதினாள். அண்ணன் கை எவ்வளவு கனம் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"மாப்ளே, வீட்டுலதான் இருக்கேன். வா, பேசுவோம்."

ஒருவர் படித்துவிட்டதாகத் திரை காட்டியது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா, யாரோ தடதடன்னு கீழே இறங்கி ஓடுறாங்க."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள். கண்ணாடிக்காரன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அப்போது போன் இன்னொரு தடவை அதிர்ந்தது.

"மூணாவது மாடின்னு சொன்னதுக்கு தேங்க்ஸ். உங்க அண்ணன் தினமும் இருக்க மாட்டான்ல?" மாடி: 0.

தான் எழுதியதைத் திறந்து பார்த்தாள். ஓரத்தில், அவள் ஒற்றைக்காலில் நின்று கேட்டு வாங்கிய இடத்தில், 3 என்று இருந்தது.

"குட்டி," என்றாள். "ஸ்கூல் பையில இருக்கற புத்தகத்தையெல்லாம் கொட்டிட்டு, துணி எடுத்து வை."

புத்தகங்கள் தரையில் விழுகிற சத்தம் போனில் கேட்டது.

"மறுபடியுமாம்மா?"