அண்ணன் முகம்

தட்டைத் துடைத்து நிமிர்த்தினான் நூலு. தட்டுக்குள் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

பயந்து கையை விட்டுவிடவில்லை. விட்டால் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தின் பின்கட்டில், வெந்நீர்த் தொட்டிக்கும் எச்சில் வாளிக்கும் நடுவே நின்று எவர்சில்வர் தட்டு கழுவுவது அவன் வேலை. ஆவி படிந்த தட்டைத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் முதலில் கன்னம் வரும், உப்பிய கன்னம். அப்புறம் கழுத்தே இல்லாமல் தோளில் உட்கார்ந்த தாடை. கடைசியாகக் கண். சதைக்குள் புதைந்து எப்போதும் சிரிப்பதுபோல இருக்கும் அந்தக் கண் அண்ணனுக்கு உரியது. அண்ணன் செத்து இரண்டு வருஷமாகிறது.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவன் நூலு. சின்ன வயதில் அண்ணனும் தம்பியுமாகத் தெருவில் போனால், "மூட்டை போகுது, பின்னாலயே அதைக் கட்டுற நூலும் போகுது" என்பார்கள். மூட்டை லாரி ஓட்டப் போனான். நூலு தட்டுக் கழுவ வந்தான். நூல் இப்படிக் கயிறாகித் திரியும் என்று யார் கண்டார்கள்?

ஆரம்பம் காலில்தான். கொசுக்கடி மாதிரிச் சிவப்புப் புள்ளிகள், ஆனால் அரிக்காத கடி. பிறகு தொடையிலும் முழங்கையிலும் நீலத் திட்டுகள். எங்கே இடித்தோம் என்று யோசித்தால் எங்கேயும் இடித்ததாக நினைவில்லை. பல் விளக்கினால் நுரை சிவப்பாக வந்தது. பக்கத்தில் பாத்திரம் தேய்ப்பவனுக்குப் பட்டப்பெயர் கரண்டி, ஆளும் அப்படித்தான், தலை பெரிசு உடம்பு குச்சி. அவன் கண்ணில் ஒன்றும் தப்பாது.

"என்னடா, பேய் அறைஞ்சுதா, பொண்டாட்டி அறைஞ்சாளா? ரெண்டுக்கும் தடம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

ஆஸ்பத்திரிக்கு மனைவி கூட வந்தாள். ரத்தம் நிற்பதற்கென்று பிளேட்லெட் என்று சின்னச் சின்ன அணுக்கள் உண்டு என்றார் டாக்டர். வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் அந்த அணுக்களைப் பிடித்து அழித்துக்கொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது.

"வேலியே பயிரை மேயுதுங்கிறீங்க" என்றாள் மனைவி.

"அதேதாம்மா."

"அப்ப வேலியப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே?"

"பிடுங்கினா ஊர் மாடெல்லாம் உள்ள வந்துடும். வேலியக் கொஞ்சம் தூங்கப் பண்றதுக்குத்தான் மாத்திரை" என்ற டாக்டர், நூலுவின் பக்கம் திரும்பி, "இதை நிறுத்தணும்னா நாங்கதான் கொஞ்சங் கொஞ்சமா குறைப்போம். நீங்களா நிறுத்தினா உசுருக்கே ஆபத்து, ஆமா" என்றார்.

செய்தி கேட்ட கரண்டி தட்டு அடுக்கைக் கைகாட்டி, "உன் ரத்தத்துல பிளேட்டு பத்தலையாமே? இங்க மலை மாதிரி கெடக்கு, அள்ளிக்கிட்டுப் போ" என்றான். அடுப்படியே சிரித்தது. நூலுவும் சிரித்தான். அன்றைக்கு ஈறு கசிந்துகொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான்.

வெள்ளை மாத்திரை வேலை செய்தது. புள்ளிகள் மறைந்தன, நுரை வெளுத்தது. ஆனால் அது தனியாக வரவில்லை, சர்க்கரையைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தது. ரத்தக்கொதிப்பு முன்பே வீட்டில் குடியிருந்தது. நின்று நின்று தேய்ந்த முழங்கால் வலிக்கு மட்டும் மருந்து கிடையாது. வலி மாத்திரை போட்டால் ரத்தக்கசிவு கூடுமாம். ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள் போல நோய்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டன. ஒருத்தருக்குப் பரிமாறினால் இன்னொருத்தருக்கு முகம் கோணும். பசியோ அடங்காப் பசி. மாத்திரையால் உடம்பு ஊதவில்லை, முகம்தான் ஊதியது. அண்ணனுக்கும் தம்பிக்கும் எலும்பு ஒன்றுதான், சதைதான் வேறு என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் மூன்று பேர். மனைவி ஒரு தையற்கடையில் மெஷின் மிதிக்கிறாள். அண்ணன் போன பிறகு அண்ணி இவர்களோடுதான் இருக்கிறாள், முன்னறையில் மேசை போட்டு அக்கம்பக்கத்துத் துணிகளைத் தேய்த்துக் கொடுக்கிறாள். ஒருநாள் மழையில் நனைந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேசைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"தலையத் துவட்டிட்டு உள்ள வாங்க. தரையெல்லாம் ஈரம்."

நூலு குனிந்தபடியே நின்றுவிட்டான். அண்ணி வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவனை "வா தம்பி, போ தம்பி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டுக்குள் 'வாங்க' என்று அவள் சொன்னது ஒரே ஒருத்தனைத்தான். நிமிர்ந்து பார்த்தபோது அவள் தலையைக் குனிந்து, ஏற்கெனவே தண்ணீர் தெளித்திருந்த துணிக்கே மறுபடியும் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அண்ணி அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, சட்டைக் காலரைப் பார்த்துப் பேசினாள். ஆனால் விடுமுறை நாளில் அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்தால் உள்கதவுப் பக்கம் வந்து நிற்பாள். இமை இடுக்கு வழியாக அவனுக்குத் தெரியும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல நிற்பாள். கண்ணைத் திறந்தால் கதவுத் திரை மட்டும் ஆடும். அவள் தன்னைப் பார்த்திருந்தால் அவன் வருத்தப்பட்டிருக்க மாட்டான். அவள் பார்த்தது தன்னை இல்லை என்பதுதான் முதுகில் சில்லென்று ஊர்ந்தது.

அவள் என்ன கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அண்ணனுக்கு நெஞ்சு வலித்துக்கொண்டே இருந்தது. அண்ணி விரட்டி விரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். சாயங்காலம் திரும்பி வந்தவன் வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி, "போயிட்டு வந்துட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. பசிக்குது, என்ன இருக்கு?" என்றான். அடுத்த நாள் லாரியை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்தபடியே போய்ச் சேர்ந்தான். கூட ஓட்டிய டிரைவர் துக்கத்துக்கு வந்த இடத்தில், விவரம் தெரியாமல், "முந்தின நாள் பூராவும் சரக்கு ஏத்துற இடத்துலதானே ரெண்டு பேரும் காத்துக் கெடந்தோம்" என்று சொல்லிவிட்டார். அண்ணி அழுகையை நிறுத்தியது அப்போதுதான். வருகிறவர்களிடமெல்லாம் அந்த வார்த்தைகளை அப்படியே ஒப்பித்தாள். போயிட்டு வந்துட்டேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, பசிக்குது, என்ன இருக்கு. கடைசியில், "சோறு போட்டேன்" என்று முடிப்பாள்.

இது போதாதென்று மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்தில் படுத்திருந்தவள், "கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பிப் படுங்களேன்" என்றாள்.

"ஏன்டி?"

"தப்பா நெனைக்காதீங்க. பெரியவரு பக்கத்துல படுத்துக் கெடக்கிற மாதிரியே இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். நூலு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். செத்தவனுக்கு வீட்டில் இடம் கிடைத்துவிட்டது, இருக்கிறவனுக்குத்தான் இல்லை என்று தோன்றியது. இந்த முகத்தோடு இருப்பதைவிட முன்போல எலும்பும் தோலுமாய் இருந்து சாகலாம்.

மறுநாள் வெள்ளை மாத்திரையைப் பாதியாக உடைத்தான். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டியது என்பதால் மனைவி அதைப் பொட்டலம் கட்டி வேலைக்குக் கொடுத்தனுப்புவாள். பாதி வாய்க்கு, பாதி எச்சில் வாளிக்கு. நாலைந்து நாள் போனதும் முழுசும் வாளிக்கே போனது. மிச்சம் மீதிச் சோற்றில் விழுந்து அது கரைவதைப் பார்க்க என்னவோ அண்ணனுக்குப் படையல் போடுகிற மாதிரி இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது, கால் துவண்டது. ஆனால் தட்டைத் துடைத்து நிமிர்த்தினால் தாடையெலும்பு லேசாக எட்டிப் பார்த்தது, அல்லது பார்ப்பதாக நினைத்துக்கொண்டான். "வாடா நூலு" என்று தட்டைப் பார்த்து மெல்லச் சொன்னான்.

தாடைக்கு முன்னால் புள்ளிகள் வந்துவிட்டன. கணுக்காலில் தொடங்கி முழங்கால்வரை செம்மண் தெறித்ததுபோல. நீளக் கால்சட்டை போட்டு மறைத்தான். பிறகு வாய்க்குள், கன்னத்தின் உட்புறம், மிளகுபோலக் கருத்த கொப்புளம் ஒன்று. நாக்கு அதையே போய்ப் போய்த் தொட்டது. அடுத்து இன்னொன்று. ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினான். போனால் மறுபடி மாத்திரை, மறுபடி அந்த முகம். நிழற்குடைப் பெஞ்சில் உட்கார்ந்து, பேருந்துகள் வந்து ஆளை இறக்கி ஆளை ஏற்றிப் போவதை மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான்.

அண்ணி ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "போனியா தம்பி?" என்றாள்.

தலை சுற்றியது. நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான்.

"போயிட்டு வந்துட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. பசிக்குது, என்ன இருக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. வழி தெரிந்த மாடு தானாகத் தொழுவத்துக்குப் போகிறமாதிரி நாக்கு அந்த வார்த்தைகளில் நடந்து போயிருந்தது. இஸ்திரிப்பெட்டி நின்றது. அண்ணி இப்போது காலரைப் பார்க்கவில்லை. அந்த மழை நாளுக்குப் பிறகு முதல்முறையாக நேராக முகத்தைப் பார்த்தாள். துணி கருகும் வாசனை எழுந்தது.

"சட்டை கருகுது, அண்ணி."

"கருகட்டும்."

பெட்டியைச் சரேலென்று நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். அவன் முன்கையைப் பிடித்தாள். அதற்கு முன் அவள் அவனைத் தொட்டதேயில்லை. துணி தேய்த்துத் தேய்த்து உரமேறிய கை, எலும்புவரை இறங்கியது.

"வாயத் திறங்க."

திறந்தான். அவள் எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கொப்புளங்களைப் பார்த்தாளா, அதற்கும் உள்ளே வேறு எதையாவது தேடினாளா தெரியாது.

"போகவே இல்லல்ல நீங்க? வாசல்ல நின்னு, என் கண்ணப் பார்த்து, சோறு வேற கேட்டீங்கல்ல?"

"அண்ணி, நான்... நூலு."

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். பிடி தளரவில்லை. "இன்னொரு தடவ சோறு போட என்னால முடியாது. நட."

"அழுத்தாதீங்க அண்ணி. தடம் விழும்."

"விழட்டும்."

கதவைப் பூட்டும்போது ஒரு கையால்தான் பூட்டினாள். தெருமுனையில் வண்டி பிடித்தபோதும், வண்டிக்குள்ளும், அந்தக் கையை விடவில்லை. போனில் மனைவியிடம், "தையல அப்படியே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வா" என்று மட்டும் சொன்னாள். நூலு கண்ணாடி வழியாகப் பார்த்தான். கடைக்கதவுகளின் கண்ணாடிகளில் ஒரு பருத்த முகம் வண்டியோடு கூடவே ஓடி வந்தது. கடை முடிந்து சுவர் வந்தால் காணாமல் போயிற்று, அடுத்த கடையில் மறுபடி ஏறிக்கொண்டது.

ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் சட்டைக்கையைச் சுருட்டியதும் நிறுத்தினாள். முன்கையில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் அச்சுக் குத்தியதுபோல நீலமாக எழும்பியிருந்தன.

"யாரு இப்படிப் பிடிச்சது? இவரைப் பூ மாதிரியில்ல பார்த்துக்கணும்?"

"நான்தான்" என்றாள் அண்ணி.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

அண்ணி வாயைத் திறந்தாள். நூலுவும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தான்.

"எங்க வீட்டுக்கா..." என்று தொடங்கி நிறுத்தினாள். "எங்க வீட்டு ஆளு."

நர்ஸ் அந்தச் சட்டைக்கையை இறக்கிவிட்டாள். மற்றக் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாள். குழாய்கள் இருந்த எவர்சில்வர் தட்டில் ஒரு கன்னமும் ஒரு கண்ணும் தெரிந்தன. யாருடையவை என்று பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. பஞ்சை வைத்து, "இவருக்கு லேசுல நிக்காது. நான் வர்ற வரைக்கும் விடாம அழுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் குழாயோடு வேகமாக நடந்தாள். அழுத்திக்கொள்ளச் சொன்னது அவனைத்தான். அதற்குள் அண்ணியின் கட்டைவிரல் பஞ்சின்மேல் உட்கார்ந்துவிட்டது.

நடைபாதையில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுத் தொலைவில் போய் அடங்கியது. அவள் குனிந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு அவன் மணிக்கட்டில் சூடாகப் பட்டது.

"நின்னிருக்கும் அண்ணி. எடுத்துப் பார்க்கலாமா?"

"இரு" என்றாள்.

அவள் விரலை எடுக்கவில்லை. பஞ்சின் வெள்ளை விளிம்பில் கடுகளவு சிவப்பு வந்து நின்றது. மேற்கொண்டு பரவுகிறதா இல்லையா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.