எண்ணெய் நிற்காத ஊர்

பள்ளிவாசல்துறையில் காலையில் வாங்கும் தேங்காயெண்ணெய் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு மேல் போத்தலில் நிற்பதில்லை. மூடி இறுகத்தான் இருக்கும்; எண்ணெய்தான் இருக்காது. புதிதாக வந்தவர்கள் கடைக்காரனைச் சந்தேகிப்பார்கள். ஊர்க்காரர்கள் ஸாஜிதாவின் சாடியைச் சொல்வார்கள்.

ஸாஜிதா துறையடியில் வடை சுட்டு விற்றவள். தாச்சியில் கறுத்துப்போன எண்ணெயை வீசமாட்டாள். ஒரு சாடியில் ஊற்றி வைப்பாள். வள்ளம் மணலில் வழுக்கிப் போவதற்காக அவளுடைய கணவன் அஸ்மி அதை அடிப்பலகையில் தேய்ப்பான். பதினொரு வருடமாகக் கழுவாத சாடி. எவ்வளவு ஊற்றியும் அது நிறைந்ததில்லை. ஏனென்று யாரும் கேட்கவுமில்லை.

பிறகு தூரக்கடலில் ஒரு கப்பல் உடைந்தது. கரைக்கு வந்த கறுப்பு எண்ணெயால் நாற்பது நாள் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. நாற்பத்தோராம் நாள் பொறுமை கெட்டு அஸ்மி இறங்கினான். அவன் போன வழி மட்டும் வள்ளத்தின் அகலத்துக்குத் தெளிந்தது. அதற்குள் மீன் துள்ளியது. கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் அடிப்பலகையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது மந்திரமில்லை, கொழுப்பையும் எண்ணெயையும் தின்று பெருகும் பக்டீரியா என்றார். கிருமிதானே என்று ஊருக்கு நிம்மதியாயிற்று. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். சாடியின் மண்டி முழுவதையும் கடலில் ஊற்றினால் கறுப்பு தீரும். தீர்ந்தபின் அந்தக் கிருமிகள் பசியோடு கரையேறும். முதலில் பழகிய வீட்டுக்குத்தான் வரும்.

அந்த நாற்பது நாளும் வீடு சாப்பிட்டது ஸாஜிதாவின் தாச்சியால். வடையைத் தவிர வேறு தொழில் அவளுக்குத் தெரியாது.

"நீ வேணாமெண்டா நான் ஊத்தமாட்டன்," என்றான் அஸ்மி.

"கடல் தின்னட்டும். நாங்க அவிச்சுத் தின்னுவம்," என்று சாடியை அவளே தூக்கிக்கொண்டு போனாள். ஊற்றும்போது அழுதாள், மறைக்கவுமில்லை.

ஒன்பது நாளில் கடல் நீலமானது. பத்தாம் நாள் அவளுடைய தாச்சியில் கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய், வடை சிவக்குமுன் காணாமல் போனது. பிறகு ஊரெல்லாம் அப்படியே. இப்போது அவள் பிட்டும் இடியப்பமும் விற்கிறாள். வடையின் ருசி வராது, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். கல்யாணத்துக்குப் பலகாரம் சுடுவதென்றால் எலுவன்குளத்துக்குப் போகிறார்கள்.

பெருநாளன்று மட்டும் ஸாஜிதா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இடுப்பளவு கடலில் போய் நிற்பாள். அலை அவள் முதுகில் ஏறி வந்து, தலைமுடியை மெல்லத் துடைத்துவிட்டு இறங்கும்.

"நல்லாத் தின்னுங்க," என்பாள்.

பிறகு ஈரத்தோடு வீட்டுக்கு வந்து பிட்டு அவிப்பாள்.