வெளிநாட்டாரே, வெளியேறுங்கள்!

கணக்கு வாத்தியாருக்குப் பயம் பிறவிச் சொத்து. மனைவி நர்ஸம்மா வெளிநாடு பார்க்க ஆசைப்பட்டதும், மனுஷர் அந்த நாட்டின் ஆபத்துகளைப் பதினான்கு பக்கம் அச்சடித்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினார். அங்கே ஒரு கட்சிக்கு வெளிநாட்டுக்காரன் தலையைக் கண்டாலே ஆகாதாம்.

நர்ஸம்மாவோ, கத்தியோடு அவசரப் பிரிவுக்கு வந்த குடிகாரனையே "உக்காருடா" என்று அதட்டி ஊசி போட்டவள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் செருப்பு வார் அறுந்தது. புதுச் செருப்போடு கடையை விட்டு வெளியே வந்தால், தெரு முழுக்கத் தலைகள். பின்னாலேயே கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். கூட்டம் இருவரையும் அள்ளிக்கொண்டு போனது. யாரோ ஒருத்தி நர்ஸம்மாவின் கையில் கொடியைத் திணித்தாள்.

"என்ன ஊர்வலங்க இது?"

"ஏதாவது மேட்ச்ல ஜெயிச்சிருப்பாங்க. சிரிச்சுக்கிட்டே வா."

எதற்கும் இருக்கட்டுமென்று வாத்தியாரும் கோஷம் போட்டார். உச்சரிப்பு பிசகினாலும் சத்தத்தில் குறை வைக்கவில்லை.

திடீரென்று, ஒலிபெருக்கி பிடித்து முன்னால் போன தடியர் கால் இடறிக் குப்புற விழுந்தார். கூட்டம் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நர்ஸம்மாவின் கை சும்மா இருக்குமா? கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். சுளுக்குதான். "அசையாதே" என்று அதட்டி, கம்பிலிருந்து கொடியை உருவி இறுக்கிக் கட்டுப்போட்டாள்.

தடியரின் செல்போன் அவள் மொழியைக் கண்டுகொண்டது. அவர் பேசப் பேச, அது தமிழில் சொன்னது: "நன்றி, சகோதரி. இது வெளிநாட்டவரை வெளியேற்றும் ஊர்வலம். உங்களுக்கு எந்த ஊர்?"

வாத்தியார் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அரை மணி நேரமாகத் தொண்டை கிழிய அவர் தன்னையே வெளியேறச் சொல்லியிருக்கிறார்.

அதற்குள் இரண்டு மொட்டைத் தலையர்கள் ஓடிவந்தார்கள். தடியரின் காலில் கொடியைப் பார்த்ததும் ஒருவன் நர்ஸம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். தடியர் என்னவோ கத்த, செல்போன் அதையும் விடாமல் சொன்னது: "விடுடா. இவங்க வேற. டாக்டர்."

"வேறயும் இல்ல, டாக்டரும் இல்ல. நர்ஸ்! ரெண்டு நாளைக்குக் காலைக் கீழ ஊனாதய்யா."

செல்போன் மொழிபெயர்த்தது. தடியர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மொட்டைகள் விலகி வழிவிட்டார்கள்.

விடுதி அறைக்கு வந்ததும் அவள் கதவைத் தாழ்போட்டு, நாற்காலியையும் இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்தாள்.

"பயந்துட்டியா?" என்றார் வாத்தியார்.

"பயம் போயிடுச்சு. கோவந்தான் போகல. நான் மட்டும் வேறயாம். அப்போ மத்தவங்கள அடிக்கலாமா?"

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அக்கா, இப்போதைக்கு ஊருக்கு வராதீங்க. வெளியூர்க்காரன் இங்க பொழைக்கக் கூடாதுன்னு நம்ம பசங்க கடைங்கள அடிச்சு நொறுக்கிட்டாங்க. நீங்க அங்க இருக்கிறதுதான் பத்திரம்."

"நீ எங்கடா இருந்தே?"

"சும்மா வேடிக்கை பாக்கப் போனேன்க்கா."

"கத்துனியா?"

"எல்லாரும் கத்தும்போது..."

"யார் கடை?"

"அந்த வெளியூர்த் தையல்காரர் கடைதான். உங்க ரவிக்கைகூட அங்கதான் இருந்துச்சு."

"ரவிக்கை கெடக்கட்டும். மனுஷன் எப்படி இருக்காரு?"

"அதைப் பாக்கலையேக்கா."

"வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டுப் போ. கண்ணாடியெல்லாம் கூட்டி அள்ளு. அவருக்கு அடி பட்டிருக்கான்னு பாத்துட்டு எனக்குக் கூப்பிடு. அதுவரைக்கும் என்கிட்டப் பேசாதே."